கிளிநொச்சியிலிருந்து மலைநாட்டுக்கு ஒன்பது பேர்: பெரிய ஹோட்டலா, குடும்பம் நடத்துகிற ஹோட்டலா?

கிளிநொச்சியிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: ஆகஸ்ட் விடுமுறையில் ஒன்பது பேர் ஒரு வான் வண்டியில் நுவரெலியா போகிறார்கள். இரண்டு சின்னப் பிள்ளைகள், முழங்கால் வருத்தமுள்ள அம்மா, தம்பி குடும்பம். மூன்று இரவும் நுவரெலியாவில் தங்கத்தான் திட்டம். பெரிய ஹோட்டலில் எடுப்பதா, ஒரு குடும்பம் வீட்டோடு வைத்து நடத்துகிற சின்ன ஹோட்டலில் எடுப்பதா? அம்மா பிறந்தது ஹப்புத்தளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். 1977 கலவரத்துக்குப் பிறகு வன்னிக்கு வந்த குடும்பம். முடிந்தால் அந்தத் தோட்டத்தையும் பார்க்க வேண்டும்.

வவுனியாவில் இருந்து கனகாலமாக இந்தப் பாதையில் ஆட்களை ஏற்றி இறக்குகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். குடும்பம் நடத்துகிற ஹோட்டலையே எடுங்கள். ஆனால் நுவரெலியாவில் ஒரு இரவு போதும். மற்ற இரண்டு இரவையும் பண்டாரவளையிலோ ஹப்புத்தளையிலோ வையுங்கள்.

முதலில் இடத்தைப் பற்றி. ஆகஸ்டில் எங்கள் பக்கம் சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று அடித்துப் புழுதி பறக்கும், குளங்கள் வற்றும். அந்தச் சோளகம் கடலில் இருந்து கொண்டுவருகிற ஈரத்தை மலையின் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டுத்தான் எங்களிடம் வெறுங்கையோடு வருகிறது. ஹட்டன், நானுஓயா, நுவரெலியா எல்லாம் அது கொட்டுகிற பக்கம். மலையைத் தாண்டி ஊவாப் பக்கம் இறங்கினால், வெலிமடை, பண்டாரவளை, ஹப்புத்தளை, எல்ல எல்லாம் அந்த மாதங்களில் எங்களைப் போலவே காய்ந்து கிடக்கும். ஊவாவுக்குப் பெருமழை வருவது எங்களுக்கு மாரி வருகிற அதே காலத்தில்தான். வன்னியில் வெயில் எறிக்கிற மாதம் ஊவாவிலும் வெயில் என்று ஞாபகம் வைத்துக்கொண்டால் பெரும்பாலும் பிழைக்காது. ஆகஸ்டில் நுவரெலியாவில் மூன்று நாள் இருந்துவிட்டு, மூன்று நாளும் அறை ஜன்னலால் மழை பார்த்துவிட்டு வந்த ஆட்களை எனக்குத் தெரியும்.

இன்னொன்று குளிர். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரம். பண்டாரவளை அதைவிட 600 மீற்றருக்கு மேல் தாழ்வு. அந்த வித்தியாசம் இரவில் நன்றாகத் தெரியும். கிளிநொச்சி வெயிலில் இருக்கிற முழங்கால் நுவரெலியாவின் ஈரக் குளிரில் மூன்று இரவு என்ன பாடுபடும் என்று அம்மாவிடமே கேட்டுப் பாருங்கள்.

சரி, ஹோட்டல். பெரிய ஹோட்டலில் உங்களுக்கு என்ன கிடைக்கும் என்று முன்பே தெரியும். லிஃப்ட் இருக்கும், காலை பஃபே இருக்கும், சுடுதண்ணி நிற்காது. அதற்காக ஒன்பது பேருக்கு நான்கு அறை எடுக்க வேண்டும், பில்லில் பத்து வீத சேவைக் கட்டணமும் 18 வீத வற் வரியும் ஏறும். அடுத்தடுத்த அறை கிடைக்குமா என்பதும் அவர்கள் சொல்வதுதான். குடும்ப ஹோட்டலில் கீழே அவர்கள் இருப்பார்கள், மேலே ஐந்தாறு அறை போட்டிருப்பார்கள். நீங்கள் ஒன்பது பேர் போனால் ஒரு மாடி முழுவதும் உங்களுடையது. பிள்ளைகள் ஓடித் திரியலாம், அம்மா இரவு பத்து மணிக்குச் சுடுதண்ணி கேட்டால் ஒரு மனுஷி எழும்பி வைத்துக் கொடுப்பார். ஆனால் ஒரு குடும்ப ஹோட்டலுக்கும் இன்னொன்றுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். பெயர்ப் பலகையில் ‘ஃபமிலி’ என்று போட்டிருப்பதெல்லாம் குடும்பம் நடத்துவதும் இல்லை. சிலதில் முதலாளி கொழும்பில் இருப்பார், இங்கே ஒரு பையன் திறப்போடு நிற்பான். வார இறுதியில் பாட்டுப் பெட்டியோடும் போத்தலோடும் இளவட்டம் வந்து இறங்கினால் அந்தப் பையனால் ஒன்றும் செய்ய முடியாது. வீட்டுக்காரர் குடும்பத்தோடு அங்கேயே படுக்கிற இடத்தில் அது நடக்காது, அவர்களுக்கும் நித்திரை கொள்கிற பிள்ளைகள் இருப்பார்கள். ஆகவே நட்சத்திரப் புள்ளிகளைப் பார்க்க முதல், “இரவில் அங்கே யார் இருப்பீர்கள்?” என்று கேளுங்கள்.

இணையத்தளத்தில் இடத்தைப் பார்த்த பிறகு, காசு கட்ட முதல் நேரே போன் எடுத்துக் கதையுங்கள். அந்தத் தளங்களுக்குப் போகிற தரகு மிச்சமாகிறபடியால் நேரே எடுப்பவர்களுக்கு அநேகர் விலை குறைப்பார்கள். அதைவிடப் பெரிய லாபம், கதைக்கிற விதத்திலேயே ஆளைப் பிடித்துவிடலாம். நுவரெலியாவிலும் ஹப்புத்தளையிலும் தமிழிலேயே கதைக்கலாம். பண்டாரவளையில் பாதிக்குப் பாதி. எல்லவில் சிங்களமோ ஆங்கிலமோ வேண்டும், அங்கே சில இடங்களில் வெள்ளைக்காரரைப் பார்த்து டொலரில்தான் விலை சொல்வார்கள், உள்ளூர்க் குடும்பம் என்றதும் குரல் கொஞ்சம் மாறும். எல்லவை ஒரு அரைநாள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், ஒன்பது வளைவுப் பாலத்துக்கு அது போதும்.

போனில் முதலில் படிகளைக் கேளுங்கள். மலையில் வீடுகள் சரிவில் இருப்பவை. ‘கீழ் மாடி’ என்று சொன்னாலும் அந்தக் கீழ் மாடிக்கு வீதியில் இருந்து முப்பது படி இறங்க வேண்டியிருக்கலாம். “வான் நிற்கிற இடத்தில் இருந்து கட்டில் வரைக்கும் எத்தனை படி?” என்று இந்தச் சொற்களிலேயே கேட்டால்தான் நேரான பதில் வரும். வான் வளவுக்குள் ஏறுமா என்பதும் அதோடு சேர்ந்தது. கார் ஏறுகிற செங்குத்துப் பாதையில் ஒன்பது பேரும் சாமானும் ஏற்றிய ஹையேஸ் வான் ஏறாமல் போகலாம். வீதியில் விட்டுவிட்டு மழைக்குள் பெட்டி தூக்க நேரிடும்.

அடுத்தது சுடுதண்ணி. “இருக்கு” என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். என்ன மாதிரி என்று கேளுங்கள். 30 லீற்றர் கீசரில் இரண்டு பேர் வடிவாகக் குளிக்கலாம், மூன்றாவது ஆள் அவசரமாக முடிக்க வேண்டும், பிறகு அரை மணித்தியாலம் பொறுக்க வேண்டும். ஷவரோடு பொருத்துகிற சின்ன ஹீற்றர் என்றால் பண்டாரவளைக்குக் காணும், நுவரெலியாவின் பச்சைத் தண்ணியை அது வெதுவெதுப்பாக்குவதோடு சரி. சோலர் மட்டும் என்றால் மழை நாளில் கதை முடிந்தது. இரண்டே குளியலறை இருந்தால் பிள்ளைகளைப் பின்னேரம் நான்கு மணிக்கே குளிப்பாட்டி முடித்துவிடுங்கள்.

அறைக்குள் போனதும் கட்டிலைத் தொட்டுப் பார்த்து “ஈரமாக இருக்கு” என்று சண்டை பிடிக்காதீர்கள். அந்தக் குளிரில் காய்ந்த விரிப்பும் கைக்கு ஈரம் போலத்தான் இருக்கும். தலையணையை மணந்து பாருங்கள். பூஞ்சணம் மணந்தால் அந்த அறையை வேண்டாம் என்று சொல்லுங்கள், வெயில் படுகிற ஜன்னல் உள்ள அறையைக் கேளுங்கள். வெறும் சுவரைப் பார்த்த ஜன்னலுள்ள அறைகள்தான் நுவரெலியாவில் மலிவு, அந்த மலிவுக்குக் காரணம் இந்த மணம்தான். ஆளுக்கு இரண்டு போர்வை என்று முதல் நாளே கேட்டு வாங்கி வையுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். கோழி சுட்ட கரியடுப்பைக் குளிர் காயலாம் என்று யாரும் அறைக்குள் கொண்டுவரக்கூடாது. ஜன்னல் பூட்டிய அறையில் கரி எரிந்தால் காபன் மொனொக்சைட் சேரும். அதற்கு மணமும் இல்லை, புகையும் இல்லை, நித்திரையிலேயே ஆளை முடித்துவிடும். தம்பிமாருக்கு இதைச் சொல்லி வையுங்கள்.

சாப்பாட்டில்தான் குடும்ப ஹோட்டலின் அருமை தெரியும், எங்கள் ஆட்கள் குழப்பிக்கொள்வதும் அங்கேதான். இரவுச் சாப்பாடு வேண்டுமென்றால் பகல் பன்னிரண்டுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். அவர்கள் வீட்டுச் சந்தைக் கணக்கில் சமைக்கிறவர்கள், எட்டு மணிக்குப் போய் ஒன்பது பிளேட் கேட்டால் முட்டையும் பாணும்தான் கிடைக்கும். ஆகஸ்ட் என்றால் நல்லூர்த் திருவிழாக் காலம். கொடியேறினால் மச்சம் தொடாத வீடு உங்களுடையது என்றால், “மரக்கறிச் சாப்பாடு” என்று சொன்னது காணாது. சிங்கள வீடுகளில் தேங்காய்ச் சம்பலிலும் பருப்புக் கறியிலும் மாசிக் கருவாட்டுத் தூள் போடுவது வழக்கம், அதை அவர்கள் மீன் கணக்கில் சேர்ப்பதே இல்லை. “மாசி போட வேண்டாம்” என்று பெயர் சொல்லிக் கேளுங்கள், சந்தோஷமாகச் செய்து தருவார்கள்.

சில வீடுகளில் குசினியைப் பாவிக்க விடுவார்கள். அம்மா ஊரிலிருந்து மொட்டைக்கறுப்பன் அரிசி கட்டிக்கொண்டு வருவா என்று நினைக்கிறேன். நுவரெலியா உயரத்தில் தண்ணி 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும், நூறுக்குப் போகாது. ஊரில் வேகிற நேரத்தில் அங்கே அந்தச் சோறு வேகாது, நடுவில் நறுக்கென்று நிற்கும். பருப்பும் அப்படித்தான். வீட்டுக்காரரிடம் பிரஷர் குக்கர் கேளுங்கள், மலையில் அது இல்லாத குசினி குறைவு. கருவாடு பொரிப்பதாக இருந்தால் முதலில் அவர்களிடம் ஒரு சொல் கேட்டுவிட்டுப் பொரியுங்கள், ஜன்னலெல்லாம் பூட்டிய வீட்டில் அந்த மணம் அடுத்த கிழமை வரும் ஆட்களையும் வரவேற்கும்.

வானையும் ஓட்டுகிறவரையும் பற்றி நீங்கள் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும். ஏ9 வீதியில் நேராக ஓடிப் பழகின கை வேறு, றம்பொடை வளைவில் ஓடுகிற கை வேறு. ஏறுவது பெரிதில்லை. இறங்கும்போது பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போகும், ஏறின கியரிலேயே இறங்க வேண்டும். 2025 மே மாதம் கொத்மலை கரண்டியெல்லயில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கு மேற்பட்ட சனம் செத்தது அந்த நுவரெலியாப் பக்கத்து மலை வீதியில்தான். மலை ஓடின ஆளைப் பிடியுங்கள், இருட்டின பிறகு மலையில் வான் எடுக்க வேண்டாம் என்று முன்பே பேசி வையுங்கள். அந்த ஆளுக்குப் படுக்க ஒரு கட்டிலும் இரவுச் சாப்பாடும் உண்டா என்று ஹோட்டலில் கேளுங்கள். பெரிய ஹோட்டல்களில் சாரதிமாருக்குத் தனி இடம் இருக்கும், குடும்ப ஹோட்டலில் கேட்டால்தான் ஒழுங்கு செய்வார்கள். வானுக்குள்ளேயே குளிரில் சுருண்டு கிடந்துவிட்டுக் காலையில் உங்கள் பிள்ளைகளை மலையால் இறக்குகிற மனிதரை நினைத்துப் பாருங்கள்.

பயண ஒழுங்கு இப்படி இருக்கட்டும். விடிய மூன்றரைக்கு வெளிக்கிட்டால் முறிகண்டியில் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு, மதவாச்சி, தம்புள்ளை, மாத்தளை என்று ஏ9 வீதியிலேயே கண்டி வரைக்கும் போகலாம். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் இறங்கிக் கால் நீட்டுங்கள். கண்டிப் பெரஹரா நடக்கிற நாட்களுக்குள் உங்கள் பயணம் விழுந்தால் மத்தியானத்துக்கு முன்பே கண்டியைக் கடந்துவிட வேண்டும், பின்னேரம் வீதிகளைப் பூட்டிவிடுவார்கள். கண்டியில் இருந்து நுவரெலியா எண்பது கிலோமீற்றருக்கும் குறைவுதான், ஆனால் மூன்று மணித்தியாலம் பிடிக்கும். புசல்லாவைக்கு மேலே பிள்ளைகள் சத்தி எடுப்பார்கள். அந்த நேரம் வயிற்றைப் பாரமாக வைக்காதீர்கள், தேசிக்காய் ஒன்று கையில் இருக்கட்டும். றம்பொடையில் நீர்வீழ்ச்சியும் ஆஞ்சநேயர் கோயிலும் பக்கத்துப் பக்கமாக இருக்கின்றன, அங்கே ஒரு மணித்தியாலம் நிற்கலாம்.

அடுத்த நாள் காலை கிரகரி வாவி, பிறகு சாமானை ஏற்றிக்கொண்டு வெலிமடை வீதி. சீத்தாஎலிய சீதையம்மன் கோயிலும் ஹக்கலப் பூங்காவும் அந்த வீதியிலேயே வரும், தனியாகத் தேடிப் போக வேண்டியதில்லை. பின்னேரம் பண்டாரவளை அல்லது ஹப்புத்தளை. ஹோட்டன் சமவெளியை இந்த முறை விடச் சொல்வேன். ‘உலக முடிவு’ என்கிற மலை விளிம்பு வரை போய் வருகிற சுற்று ஒன்பது கிலோமீற்றர் நடை, பத்து மணிக்குள் மூடுபனி மறைத்துவிடும். அம்மாவுக்கும் சின்னதுகளுக்கும் அது சரிவராது. தம்பி மட்டும் போக ஆசைப்பட்டால் காலைச் சாப்பாட்டை ஹோட்டலில் கட்டித்தரச் சொல்லலாம், லஞ்ச் சீற்றில் சுற்ற வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். வாசலில் பொலித்தீனைப் பிரித்து எடுத்துவிடுவார்கள். அதற்குப் பதிலாக எல்லாரும் ஹப்புத்தளைப் பக்கத்து லிப்டன் சீட் என்கிற மலை உச்சிக்குப் போங்கள். தம்பதென்னத் தொழிற்சாலையில் இருந்து தேயிலைக்குள்ளால் ஏழு கிலோமீற்றர் ஒடுக்கமான வீதி, வானைக் கீழே விட்டுவிட்டு ஆட்டோவில் ஏறலாம். ஹோட்டல்காரரே தெரிந்த ஆட்டோவைச் சொல்லிவிடுவார். அதுவும் காலையில்தான், ஒன்பதுக்குப் பிறகு மூட்டம்.

ரயிலில் பிள்ளைகளை ஏற்ற ஆசை என்றால் முழுப் பயணம் வேண்டாம், பண்டாரவளையில் இருந்து எல்லவுக்கு ஒரு சின்னத் துண்டு போதும். 2025 நவம்பர் கடைசியில் அடித்த டித்வா புயலில் மலையகத்து ரயில் பாதையும் வீதிகளும் நன்றாக அடிபட்டவை. வெளிக்கிடுகிற கிழமை எந்தத் துண்டு ஓடுகிறது, எந்த வீதியில் மண் சரிந்திருக்கிறது என்று ஹோட்டல்காரரிடமே கேளுங்கள். வரைபடத்தைவிட அவருக்குத்தான் முதலில் தெரியும், அவருடைய பிழைப்பே அந்த வீதியில்தான்.

இனி அம்மாவின் தோட்டம். வன்னியில் இப்படி எத்தனை குடும்பம்! கிளிநொச்சியில் பாரதிபுரம், மலையாளபுரம் பக்கம் கேட்டால் வீட்டுக்கு ஒருவர் ஒரு தோட்டத்தின் பெயர் சொல்வார். ஹப்புத்தளையில் தமிழ்க் குடும்பம் ஒன்று நடத்துகிற இடத்தில் தங்கச் சொல்வதற்கு எனக்குள்ள பெரிய காரணமே இதுதான். அம்மா சொல்கிற பெயர் வரைபடத்தில் இருக்காது. சனம் வழங்குகிற பெயர் ஒன்று, கம்பனிப் பதிவில் உள்ள பெயர் வேறொன்று, அதற்குள் மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு என்று வேறு. அம்மாவை வீட்டுக்காரப் பெரியவரோடு ஒரு தேத்தண்ணிக்கு இருத்தி விடுங்கள். கோயில் பெயர், கங்காணி பெயர், பக்கத்து ஆற்றின் பெயர் என்று இரண்டு பேரும் கதைத்துக் கதைத்தே இடத்தைப் பிடித்துவிடுவார்கள். அவருக்கு அந்தப் பிரிவில் ஒரு சொந்தமோ தெரிந்தவரோ கட்டாயம் இருப்பார், போன் போட்டுச் சொல்லிவிடுவார்.

அங்கே போகும்போது முழு வானோடும் போய் இறங்காமல் அம்மாவும் நீங்களும் இன்னும் ஒருவருமாகப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை நல்லது, வேலை நாளில் பெண்கள் மலைக்குப் போயிருப்பார்கள். லயத்தைப் படம் எடுக்காதீர்கள், அது இன்றைக்கும் ஆட்கள் இருக்கிற வீடு. அம்மா தன் தகப்பன் பெயரைச் சொல்லி அறிமுகமாகட்டும். கையில் ஏதாவது கொண்டுபோங்கள். பனங்கட்டிக் குட்டான் நல்லது, அந்தப் பக்கம் கிடைக்காது, கெட்டும் போகாது. ஹோட்டல் வீட்டுக்கும் ஒன்று.

நான்கு நாளை ஐந்தாக்க முடியுமென்றால் திரும்பும்போது மாத்தளைப் பக்கம் ஒரு இரவு நில்லுங்கள். முடியாவிட்டால் விடிந்த கையோடு வான் எடுங்கள், மலையைத் தாண்டின பிறகுதான் இருட்ட வேண்டும். மரக்கறி வாங்குவதென்றால் வெலிமடை, கெப்பெட்டிபொலப் பக்கம் வாங்குங்கள். நுவரெலியா நகரத்து வீதியோரத்தில் அழகாக அடுக்கி வைத்திருப்பது படம் எடுக்க நல்லது, விலைக்கு அல்ல.

கடைசியாக அட்வான்ஸ். முகநூலில் வேறொருவரின் பங்களாப் படத்தைப் போட்டுக் காசு வாங்கிக்கொண்டு மறைகிறவர்கள் இருக்கிறார்கள், ஏப்ரலிலும் ஆகஸ்டிலும்தான் அவர்களுக்கும் சீசன். கூகுள் வரைபடத்தில் அந்த ஹோட்டலுக்குப் போட்டிருக்கிற நம்பருக்கே எடுங்கள், வீடியோ கோலில் அறையையும் வாசலையும் காட்டச் சொல்லுங்கள். உண்மையான வீட்டுக்காரர் சமையலை விட்டுவிட்டு வந்தாவது காட்டுவார். வங்கிக் கணக்குப் பெயரும் கதைத்தவரின் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். ஒரு இரவுக் காசுக்கு மேல் முன்பணம் கட்ட வேண்டாம். கட்டியதும் திகதி, அறை எத்தனை, விலை அறைக்கா ஆளுக்கா, காலைச் சாப்பாடு சேர்த்தா, சாரதிக்குக் கட்டில் உண்டா என்று வாட்ஸ்அப்பில் நீங்களே எழுதி அனுப்பி, “சரி” என்று ஒரு பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.